தலைவெட்டி வேஷம்

எசன்குல்லை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது அவன் எடைக்காக. இதை யாரும் அவனிடம் மறைக்கவும் இல்லை. நரீன் பக்கத்து மலைமேட்டில் கோடை மேய்ச்சல் முடிந்து கூட்டுப்பண்ணைக்காரர்கள் விழா எடுத்த அன்று, புல்வெளியில் நடந்த மல்யுத்தத்தில் தன்னைவிட மூத்த ஆட்கள் மூவரை ஒருவர்பின் ஒருவராகச் சாய்த்தான். ஃப்ரூன்ஸே நகரத்திலிருந்து வந்திருந்த அசனாலி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால்நடைக் கல்லூரி ஒன்றில் மல்யுத்தப் பயிற்சியாளர் அவர். பையனைக் கூப்பிட்டுக் கம்பளி நிறுக்கும் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். முள் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"பையனப் படிக்க அனுப்புறீங்களா?"

"இவனையா? இவனுக்குப் படிப்பு ஏறாதே."

"அது ஏற வேண்டாம். கோதாவுல இவன் ஏறி நின்னா போதும்."

அது அறுபத்து நாலாம் வருஷம். எசன்குல்லுக்குப் பத்தொன்பது வயது. ஓங்குதாங்கான உடம்பு; கழுத்தும் தலையும் ஒரே அகலம்; மல்யுத்தத்தில் நசுங்கிய காதுகள். குரல் மட்டும் அந்த உடம்புக்குச் சேரவில்லை. மீசை முளைக்காத பையனின் மெல்லிய கீச்சுக்குரல் அவன் தொண்டையிலேயே தங்கிவிட்டது. மலையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடுகளுக்கு என்ன தெரியும்.

நகரத்து மாணவர் விடுதியில் தெரிந்துவிட்டது. முதல் நாள் அறைக்குள் நுழைந்து, "என் கட்டில் எதுங்க?" என்று கேட்டான். மூன்று பேர் உள்ளே இருந்தார்கள். ஜன்னலோரம் படுத்திருந்தவன் சொன்னான்: "அலமாரிக்குள்ள யாரோ பொண்ணு மாட்டிக்கிச்சு. கதவத் தொறங்கடா."

அன்றிலிருந்து அவன் பெயர் அலமாரி. "அலமாரி, நகரு, வெளிச்சம் மறைக்குது." "அலமாரி, போய் ரொட்டி வாங்கிட்டு வா." வாங்கிவந்தான். அவர்கள் சாப்பிட்டார்கள். இலையுதிர் காலத்தில் எல்லா மாணவர்களையும் பீட்ரூட் வயலுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது, அறைக்காரர்கள் மூவரின் வரிசையையும் சேர்த்து அவனே பிடுங்கிப்போட்டான். சாயங்காலம் தீ மூட்டி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தபோது அவனுக்கு இடம்விட யாருக்கும் தோன்றவில்லை. வாயைத் திறந்தால்தானே சிரிக்கிறார்கள் என்று பேச்சையே விட்டுவிட்டான். அசனாலிக்கு அது வசதியாக இருந்தது. பேசாத மல்லன் சொன்னதைச் செய்வான்.

கல்லூரியில் இரண்டே விஷயத்துக்கு மரியாதை. ஒன்று மல்யுத்தம், மற்றது நாடகம். வசந்தம் வந்தால் சோவியத் குடியரசுகளுக்கு இடையே மாணவர் விளையாட்டுப் போட்டி. அதையொட்டியே மாணவர் நாடக விழா. முதல்வர் அறையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டுக்கும் வாங்கிய கோப்பைகள்தான் இருந்தன. மாட்டைப் பிழைக்கவைத்ததற்கு யாரும் கோப்பை கொடுப்பதில்லை. கோதாவும் நாடக மேடையும் ஒரே கட்டடத்தில், நடுவில் ஒற்றைச்சுவர். இந்தப் பக்கம் மல்லன் தொப்பென்று விழுந்தால் அந்தப் பக்கம் அழுதுகொண்டிருக்கும் கதாநாயகி திடுக்கிட்டு வசனத்தை மறப்பாள். அதற்குப் பரிகாரம்போல, நாடகக்காரர்களுக்குப் படுதாவும் தூணும் சுமக்க மல்லர்களை அனுப்புவது அங்கே வழக்கம். அப்படித்தான் எசன்குல் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போனான்.

நாடகக் குழுவுக்குத் திலெக்தான் எல்லாம். எழுதுவது அவன், சொல்லிக்கொடுப்பது அவன், மேடையில் கான் என்ற மன்னனாக வேஷம் கட்டுவதும் அவன். ஐந்தாண்டுப் படிப்பில் நாலாம் ஆண்டு மாணவன். அப்பா அமைச்சகத்தில் இருந்தார். ஒல்லி, கழுத்தில் எந்நேரமும் நீளத் துண்டு. யாரையாவது இரண்டு நாள் பார்த்தால் போதும், அந்த ஆள் வந்து அவன் உடம்புக்குள் உட்கார்ந்துவிடுவார். முதல்வர் தும்முவதை முதல்வர் முன்னாலேயே தும்மிக் காட்டுவான். அவர்தான் முதலில் சிரிப்பார். திலெக் தன்னைப்போல நடித்துக் காட்டவில்லையே என்று ஏங்கியவர்கள்கூட உண்டு.

அந்த வருஷத்து நாடகம் ஒரு கானைப் பற்றியது. அவன் மகள் குதிரைக்காரன் ஒருவனைக் காதலிக்கிறாள். குதிரைக்காரன் தலையை வெட்டச் சொல்கிறான் கான். மகள் காலில் விழுந்து கெஞ்சுகிறாள். மகள் வேஷம் புருல் என்ற பெண்ணுக்கு. ஒத்திகையில் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது அரண்மனைத் தூண் ஒன்று மெல்லச் சாய்ந்தது. பக்கத்தில் நின்ற எசன்குல் அதைத் தோளில் தாங்கிக்கொண்டான். அசைந்தால் சத்தம் வரும், சத்தம் வந்தால் திட்டுவார்கள் என்று அந்தக் காட்சி முடியும்வரை அப்படியே நின்றான். கண்ணைக்கூட அதிகம் இமைக்கவில்லை.

திலெக் பேச்சை நிறுத்தினான். "யாரும் அவனத் தொடாதீங்க." கீழே இறங்கிப் போய்த் தூரத்திலிருந்து பார்த்தான். "உன் பேரு என்னடா?"

"எசன்குல்லுங்க."

மேடை முழுக்கச் சிரித்தது. திலெக் கையை உயர்த்தினான். "சரி, பேசாதே. நில்லு. உனக்கு அதுதான் வேலை."

கோடரியைத் தோளில் சார்த்திக்கொண்டு கானுக்குப் பின்னால் நிற்கும் தலைவெட்டி வேஷம் அவனுக்குக் கிடைத்தது. ஒரு வார்த்தை கிடையாது. முதல் நாள் திரை விலகியதும் அரங்கம் அவனைப் பார்த்தது. எசன்குல் அதை உணர்ந்தான். இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் மூச்சு விட்டால் முன்வரிசையில் யாரோ பின்னால் சாய்கிறார்கள். கோதாவில் ஜெயித்தபோதெல்லாம் அவனுக்கு வராத ஏதோ ஒன்று அன்று அந்த மேடையில் வந்தது. நாடகம் முடிந்த பிறகும் கொஞ்சநேரம் அவனால் கோடரியைக் கீழே வைக்க முடியவில்லை.

புருல் முகப்பூச்சைத் துடைத்தபடியே வந்தாள். "எசன், நீ பின்னால நிக்கிறப்ப எனக்கு நிஜமாவே கழுத்து கூசுது. அழுகை தானா வந்துருச்சு. நீ வேற எதுவும் பண்ணாதே. இப்படியே நில்லு, என்ன?"

அவன் தலையாட்டினான். அதோடு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு தடவை அப்படி நின்றுவிட்ட பத்தொன்பது வயசுக்காரன் அதோடு எப்படி இருப்பான்? சில நாள் கழித்துத் திலெக் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனான்.

"அண்ணே, எனக்கும் ஒரே ஒரு வார்த்தை குடுங்கண்ணே."

"என்னடா வார்த்தை?"

"ஏதாச்சும். மேடைல சொல்றதுக்கு."

திலெக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். அப்போது அவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஒரு வரி எழுதிக்கொடுத்தான். கான் கேட்பான்: "தலைவெட்டியே, ஆயுதம் ஆயத்தமா?" தலைவெட்டி சொல்ல வேண்டியது: "கோடரி கூராக உள்ளது, மாமன்னரே."

எசன்குல் அதைக் குளியலறையில் சொல்லிப் பார்த்தான். பனிபெய்த பாப்லர் மரங்களுக்குக் கீழே நடந்தபடி சொன்னான். கோதாவில் ஒருவன் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டே முணுமுணுத்து, "என்னடா, மந்திரம் போடுறியா?" என்று அசனாலியிடம் முதுகில் வாங்கிக்கொண்டான். குரலைத் தடிமனாக்க ராத்திரியெல்லாம் உப்புநீர் கொப்பளித்தான்.

அடுத்த நாடக நாளில் கான் கேட்டான். அரங்கம் காத்திருந்தது. எசன்குல் வாயைத் திறந்தான். மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கே போனதோ, கோபித்த அப்பாவுக்குப் பதில் சொல்வதுபோல ஊர்ப்பேச்சு, அந்தக் கீச்சுக்குரலில் வெளியே வந்தது:

"கோடாலி தீட்டியாச்சுங்க, கானய்யா."

அரங்கம் சிரிப்பில் வெடித்தது. நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தவர்கள் உண்டு. குதிரைக்காரனாக நடித்தவன் வெட்டுமரத்தில் தலையை வைத்தபடியே குலுங்கினான். புருல் மட்டும் சிரிக்கவில்லை. கைகளை முகத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். எசன்குல்லுக்குக் காது அடைத்துக்கொண்டது. நாடகத்தைக் கெடுத்துவிட்டோம், இனி இந்தப் பக்கம் விடமாட்டார்கள் என்று நினைத்தான்.

திரை விழுந்ததும் திலெக் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "அப்படியேதான்டா. நாளைக்கும் அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாத்தினே, கொன்னுருவேன்."

மறுநாள் கல்லூரி உணவகத்தில் அவன் தட்டோடு நின்றபோது, மேஜை ஒன்றில் நாலைந்து பேர் நகர்ந்து இடம்விட்டார்கள். "உக்காரு, உக்காரு. அதக் கொஞ்சம் சொல்லேன்." சொன்னான். சிரித்தார்கள். லக்மான் நூடுல்ஸ் கிண்ணத்தைத் தள்ளி, "சாப்பிடு" என்றார்கள். அறையில் ஜன்னலோரக்காரன் அவனைத் தன் ஊர் நண்பர்களுக்குக் காட்டினான்: "எங்க அறைதான். எசன், சொல்லு." இப்போது அலமாரி இல்லை, எசன். மருந்துக் கடைக்காரி கேட்டாள், சொன்னான். பேருந்து நடத்துனர் கேட்டார், சொன்னான். அவர்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் சொன்னான். சொல்லாத காலம் எப்படி இருந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

நாடகம் ஒவ்வொரு வாரமும் மாறிக்கொண்டே போனது. திலெக் வசனம் கூட்டினான். தலைவெட்டி கோடரியைத் தேடுகிறான். தலைவெட்டி தடுக்கி விழுகிறான். கெஞ்சும் மகளிடம், "அழுவாதீங்க தாயி, எனக்கும் அழுவாச்சி வருது" என்கிறான். சோகமாகத் தொடங்கிய நாடகம் குளிர்காலம் முடிவதற்குள் சிரிப்பு நாடகமாகிவிட்டது. வெளியூர்களிலிருந்து அழைப்பு வந்தது. எசன்குல் விழுந்து விழுந்து எழுந்தான். விழுவதற்கு அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவா வேண்டும்.

புருல் ஒருநாள் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் அவனை நிறுத்தினாள். "நான் திலெக்கிட்ட சொன்னேன், எசன். அந்த வரிய எடுத்துருன்னு. அவன் கேக்கல. நீயாவது மாட்டேன்னு சொல்லு."

"ஏன்? நல்லாத்தானே போகுது."

"அவங்க நாடகத்தப் பாத்துச் சிரிக்கல. உன் வாயப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"முதல் தடவ நீ நின்னது ஞாபகம் இருக்கா உனக்கு?"

இருந்தது. அதைப் பற்றி அவன் பேச விரும்பவில்லை. "நின்னா யாரும் கூட உக்காந்து சாப்பிட மாட்டாங்க, புருல்" என்றான். அதற்கடுத்த வாரம் அவளும் மேடையிலேயே சிரித்துவிட்டாள். அவன் தடுக்கி விழுந்த விதம் அப்படி. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் தோள் குலுங்குவதைத் தரையிலிருந்து பார்த்த எசன்குல், இன்னொரு தடவை விழுந்தான்.

அசனாலி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "பயிற்சிக்கு வரலேன்னா விடுதிக் கட்டில் போயிரும். சாப்பாட்டுச் சீட்டு போயிரும். உன்ன இங்க கொண்டாந்தது கூத்தாடவா?"

"வந்துடறேன், அகாய்" என்றான், அங்கே ஆசிரியரைக் கூப்பிடும் சொல்லில்.

"வந்துதான் ஆகணும். வசந்தப் போட்டியில உன் எடைக்கு என்கிட்ட வேற ஆள் இல்ல."

போட்டி அந்த வருஷம் ஃப்ரூன்ஸேயிலேயே நடந்தது. கால்வாய்களில் பனியுருகித் தண்ணீர் ஓடிய நாள்கள். அரைகுறைப் பயிற்சியோடு இறங்கியும் எசன்குல் இறுதிவரை வந்துவிட்டான், உடம்பு அப்படிப்பட்டது. இறுதியில் எதிரே நின்றவன் தாஷ்கண்டிலிருந்து வந்த பாத்தீர். குள்ளம், அவசரப்படாதவன். அரங்கம் நிரம்பி, மேலே ஏணிக்கம்பிகளிலும் தொற்றிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நாடகக் குழு முழுவதும். நடுவில் திலெக், துண்டோடு.

எசன்குல் புள்ளிகளில் முன்னால் இருந்தான். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நடுவர் இருவரையும் பிரித்து மறுபடி நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். மேலேயிருந்து யாரோ, "கோடாலி" என்று கத்தினான். இன்னொருவன் கத்தினான். பிறகு ஒரு பக்கம் முழுக்க, தாளம் போட்டுக்கொண்டு, கோடாலி, கோடாலி. அவன் கல்லூரிப் பிள்ளைகள்தான் எல்லாம். திலெக் மெல்ல எழுந்தான். கூட்டம் அடங்கியது. கானின் குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டான்:

"தலைவெட்டியே, ஆயுதம் ஆயத்தமா?"

பதில் சொல்லக்கூடாது என்று எசன்குல்லுக்குத் தெரியும். கோதாவோரம் அசனாலியின் முகம் தெரிந்தது. நடுவர் வாயில் ஊதல் இருந்தது. ஆனால் அத்தனை முகங்களும் திறந்த வாயோடு அவனுக்காகக் காத்திருந்தன. பாதியில் நின்ற சிரிப்பை முடித்துக்கொடுக்க வேண்டியவன் அவன் ஒருவன்தான். தலையை அந்தப் பக்கம் திருப்பினான்.

"தீட்டியாச்சுங்க, கானய்யா."

நடுவர் ஊதியிருந்தார். கூரை பிய்ந்துபோகும் சிரிப்பில் அது அவன் காதில் விழவில்லை. பாத்தீர் காதில் விழுந்தது. அவன் குனிந்து எசன்குல்லின் இடுப்புக்கடியில் புகுந்து, அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிப் பின்னால் எறிந்தான். தலை முதலில் தரையைத் தொட்டது. உடம்பு அதன்மேல் மடிந்தது.

சிரிப்பு நிற்கவில்லை. இதுவும் அந்த விழுதல்களில் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். எசன்குல் எழ முயன்றான். ஒரு கை மட்டும் தரையைத் தட்டியது, கால் இரண்டும் சொன்னபடி கேட்கவில்லை. அவன் தொண்டையிலிருந்து மெல்லிய ஓசை ஒன்று வந்தது. அந்த ஓசைக்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். திலெக் கைதட்டினான். பாத்தீர்தான் முதலில் மண்டியிட்டு அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு எழுந்து கூட்டத்தைப் பார்த்து வாயை மூடச் சொல்லிக் கையாட்டினான். அது ஜெயித்தவன் ஆட்டும் கை என்று எண்ணி அதற்கும் கூச்சலிட்டார்கள்.

கால்கள் திரும்பி வந்தன. இடதுகை பாதிதான் வந்தது. கழுத்து வரவில்லை. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் வந்தவர் அசனாலி. கட்டிலோரம் நின்றார், உட்காரவில்லை.

"டாக்டர் சொன்னாரு."

"ஆமாங்க, அகாய்."

"கல்லூரி குடுத்த விளையாட்டு உடுப்பு எங்க வச்சிருக்க?"

"விடுதில, பெட்டிக்குள்ள."

"சரி. புதுசா ஒரு பையனக் கொண்டுவரேன். அவனுக்கு வேணும்." வாசல்வரை போய்த் திரும்பி, "பதில் சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றார். திட்டுவதற்குத்தான் சொன்னார். வேறு எதுவும் அவர் சொல்லவில்லை.

திலெக் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினான். கண்கூடக் கலங்கியது. நடுவில் கேட்டான்: "ஜன்னல் பக்கம் பாக்கணும்னா எப்படித் திரும்புவே?"

எசன்குல் திரும்பிக் காட்டினான்.

"ஓ. தோளும் சேந்து வருது. கதவுப் பக்கம்?"

அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினான். திலெக் பார்த்த பார்வை அவனுக்குப் பழக்கமானதுதான். அக்கறை என்று எடுத்துக்கொண்டான். ஆப்பிள் நன்றாக இருந்தது.

கோடை கழிந்து அவன் கல்லூரிக்குத் திரும்பியபோது விடுதிக் கட்டிலில் புது மல்லன் படுத்திருந்தான். எசன்குல்லுக்குக் கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தார்கள். முன்பெல்லாம் பரீட்சையில் பெயரை எழுதச் சொல்லித் தேர்ச்சி போட்ட ஆசிரியர்கள் இப்போது கேள்வி கேட்டார்கள். குதிரையின் குடல் எங்கே தொடங்குகிறது என்று கேட்டார் ஒருவர். அவனுக்குத் தெரியவில்லை. அவர் ஆச்சரியப்பட்டதுபோலக் காட்டிக்கொண்டது அவனுக்குப் புரியவே இல்லை. சென்ற வருஷம் அவர்தானே தேர்ச்சி போட்டார்.

நாடகம் மறுபடி நடப்பதாகச் சுவரொட்டி பார்த்துப் போனான். தன் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கும் ஆசைதான். பின்சுவரில் சாய்ந்து நின்றான். தலைவெட்டி மேடைக்கு வந்தான். உடுப்புக்குள் பஞ்சு அடைத்த ஒல்லிப்பையன். மாவில் உருட்டிய நசுங்கல் காதுகள். கான் கூப்பிட்டான். பையன் இடுப்பிலிருந்து, தோளோடு, மொத்தமாகத் திரும்பினான். அரங்கம் அதிர்ந்தது. மறுபடி மறுபக்கம் கூப்பிட்டான் கான். மறுபடி அதே திரும்பல். எசன்குல்லின் முன்னால் நின்றவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு தோழியிடம் சொன்னாள்: "பழைய ஆளவிட இவன் தேவல."

அது உண்மைதான். எசன்குல்லுக்கே தெரிந்தது. தன்னைத் தான் இத்தனை தெளிவாக அவன் பார்த்ததே இல்லை.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனான். வழி தெரிந்த இடம். அந்தப் பையன் தனியாக நின்று கண்ணாடியில் காதைச் சரிசெய்துகொண்டிருந்தான். முதலாம் ஆண்டு, மாமிர் என்று பெயர், எசன்குல்லின் மலைக்கு அடுத்த பள்ளத்தாக்குக்காரன். கண்ணாடியில் ஆளைக் கண்டதும் முகம் மலர்ந்து திரும்பினான்.

"அண்ணே, வந்துட்டீங்களா? போன வருஷம் நீங்க எங்க ஊருக்கு வந்து ஆடினதப் பாத்துதாண்ணே நான் இங்க சேந்தேன். நல்லா பண்றேனாண்ணே? கழுத்து மட்டும் சரியா வருதான்னு தெரியல."

திலெக் திரையருகே சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தான். எசன்குல் அவனையும் பார்த்தான். இன்னும் சில அடி நடந்திருந்தால் திலெக்கிடம் போயிருக்கலாம். பின்னாளில் இதை அவன் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறான். ஆனால் கை போனது பக்கத்தில் இருந்தவனிடம். நல்லாயிருந்த வலதுகை. ஒரே அடி. தாடை முறிந்த சத்தம் அவனுக்கு எலும்புவரை கேட்டது. மாமிர் விழவில்லை, மாவுக்காது ஒன்று கழன்று தொங்க, இன்னும் பாதிச் சிரிப்போடு நின்றான். பிறகுதான் உட்கார்ந்தான்.

இளைஞர் சங்கக் கூட்டம் போட்டு விசாரித்தார்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருந்த மாமிரையும் அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். திலெக் எழுந்து எசன்குல்லுக்காகப் பேசினான். அவன் பேசிய பேச்சிலேயே அதுதான் சிறந்தது என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். "இவன் குற்றவாளி இல்ல. காயம்பட்ட மனுஷன். நாம எல்லாரும் இவனப் பாத்துச் சிரிச்சோம், இவனோட சேந்து யாரு அழுதோம்?" என்றான். சில பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். பிறகு அவனைக் கல்லூரியிலிருந்து நீக்குவதற்குக் கை தூக்கச் சொன்னபோது எல்லோரும் தூக்கினார்கள்; திலெக்கும் தூக்கினான். புருல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தூக்கினாள். தலைமை வகித்தவர் மாமிரிடம், "மன்னிச்சிடறியாப்பா?" என்று கேட்டார். மாமிர் தரையைப் பார்த்தான். அவன் பதிலுக்கு யாரும் காத்திருக்கவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எசன்குல் ஊருக்குத் திரும்பினான். கம்பளிக் கிடங்கில் மூட்டை சுமக்க முயன்றான், இடதுகை ஒத்துழைக்கவில்லை. குதிரை மேய்க்கப் போனான். சலீமா என்ற விதவை அவனைக் கட்டிக்கொண்டாள். அதிகம் பேசாத புருஷன் அவளுக்குப் போதுமாக இருந்தான். கல்யாண வீடுகளில் யாராவது பாட்டுப் பாடவோ வேடிக்கை காட்டவோ எழுந்தால் அவன் வெளியே போய்க் குதிரைகளோடு நிற்பான். திலெக் தொலைக்காட்சியில் பெரிய ஆளானான் என்று கேள்வி. ஊரில் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது எசன்குல் தன் வீட்டுக்கு வாங்கவில்லை.

மாமிர் படிப்பை முடித்தான். தாடை கோணலாகச் சேர்ந்து, பேச்சு ஒருபக்கமாகக் குழறியது. அந்த முகத்தை நகரத்தில் யாரும் வைத்துக்கொள்ளவில்லையோ, அவனே கேட்டு வந்தானோ, எசன்குல்லின் வட்டத்துக்கே கால்நடை மருத்துவராக வந்துசேர்ந்தான். பள்ளத்தாக்கு முழுவதுக்கும் அவன் ஒருவன்தான். எசன்குல் தன் ஆடுகளுக்கு என்ன வந்தாலும் நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டான். வழியில் எதிரே ஜீப்பைக் கண்டால் குதிரையைச் சரிவில் இறக்கிவிடுவான். இப்படியே அவர்கள் தலைநரைக்கும்வரை சமாளித்தார்கள்.

ஒரு வசந்தகாலத்தில் அவனுடைய சிவப்புக் குதிரை படுத்துப் புரளத் தொடங்கியது. அது அவன் கையிலேயே பிறந்த குதிரை. கழுத்து திரும்பாத மனிதனை எப்படிச் சுமப்பது என்று அதற்குத் தெரியும். அவன் பார்க்க வேண்டிய திசைக்கு அதுவே திரும்பும். வயிறு கல்லாக இருந்தது. காலையிலிருந்து எழுப்பி நடத்திப் பார்த்தான். எண்ணெய் புகட்டினான். மத்தியானம் சலீமா அவனைக் கேட்காமலே ஆளனுப்பிவிட்டாள்.

ஜீப் வந்து நின்றது. மாமிர் பையோடு இறங்கினான். தடித்திருந்தான். எசன்குல்லைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். குதிரையருகே மண்டியிட்டு வயிற்றில் காதை வைத்தான், வாயைத் திறந்து ஈறு பார்த்தான், கையை உள்ளே விட்டுப் பார்த்தான். நன்றாக, நிதானமாகத்தான் பார்த்தான். சலீமா கொண்டுவந்த சுடுதண்ணீரில் கை கழுவினான்.

"குடல் முறுக்கிக்கிச்சு" என்றான். சொல் ஒருபக்கமாக வழிந்து வந்தது. "அறுத்துடுங்க. இப்ப அறுத்தா கறியாவது தேறும்."

"வேற வழி இல்லயா?"

"இல்ல."

"நிஜமாவா, தம்பி?"

அந்தச் சொல் தன்னையறியாமல் வந்துவிட்டது. மாமிர் கை துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தான். அந்தக் கண்ணில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "நான் படிச்சவன்" என்றான். சலீமா தேநீரும் ரொட்டியும் எடுத்துவந்தாள். தொடவில்லை. ஜீப் போய்விட்டது.

எசன்குல் கத்தியை எடுத்துவந்தான். குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு செய்தான். வயிற்றைத் தானே கிழித்தான், குடலை முழுக்க வெளியே எடுத்துப் புல்லில் பரப்பி, முறுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவித் தடவித் தேடினான். எது முறுக்கு, எது இயல்பாகவே அப்படி வளைந்திருப்பது என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இருட்டும்வரை பார்த்தான். சலீமா வந்து குடலை வாரிப் பாத்திரத்தில் போட்டாள்.

கோடையில் கீழ்க்கரை ஊர்க்காரர் ஒருவர் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார்: "என் குதிரைக்கும் இதே மாதிரி வந்துச்சு. மாமிர் டாக்டர் நாள் பூரா கூடவே இருந்தாரு. குழாய் விட்டு, நடக்கவச்சு, மறுநா எந்திரிச்சுருச்சு. கை ராசிக்கார மனுஷன்."

"அப்படியா" என்றான் எசன்குல். வேறு குதிரை, வேறு நோவாக இருக்கலாம். மாமிரிடம் போய்க் கேட்டிருக்கலாம், அரைநாள் தூரம்தான். அவன் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வந்தாலும் தன்னால் அதை நம்ப முடியாது என்று தெரிந்திருந்தது. அடுத்த வருஷம் ஒரு குட்டியை வாங்கினான். அது அவன் திருப்பாமல் திரும்பாது. அதன்மேல் கடைசிவரை அவனால் நேரே மட்டும்தான் பார்க்க முடிந்தது.